பாரம் குறைந்ததோ, பயன் நிறைந்ததோ?

சென்ற தவணை விடுமுறைக்குச் சில நாட்களின் முன், மேல்வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு விளம்பரத் தாள்களுடன் என்னிடம் வந்தான். இரண்டிலும் மலைச் சைக்கிள்களின் படங்கள். முன்சில்லை இருபுறமும் பற்றிநிற்கும் போர்க்கிலே, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற அதிர்வுதாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு படத்தின் கீழ்ப் போர்க்கின் நிறையும், மற்றொன்றின் கீழ் அது அமுங்கியெழும் தூரமும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன.

"இதிலை எது நல்லது சேர்? பாரம் குறைஞ்சதோ, கூட அமத்துறதோ?" என்று கேட்டான்.

அவனுடைய தகப்பனார் நெடுநாளாகச் சேர்த்த பணத்திலே அச்சைக்கிளை வாங்க இருக்கின்றார் என்பதை நான் அறிவேன். ஒருமுறை வாங்கிவிட்டால் இன்னும் பல்லாண்டுகளுக்கு வேறொன்று வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, அவசரப்பட்டு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள்களை இலக்கங்களைக் காட்டி விற்கும் காலம் இது. வாசிக்கத் தெரிந்தவர்க்கு இலக்கம் வழிகாட்டும். தெரியாதவரை அது மயக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். ஆயினும், அளப்பதன் முன் எதனை அளக்கின்றோம் என்று அறிந்துகொள்ள வேண்டும் அன்றோ? அவ்வாறு அறிந்துகொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை.

மலையிலே பிறந்த வண்டி

மலைச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் என்னும் பிரதேசம். 1970ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த இளைஞர் சிலர், பருத்த ரயர்களையுடைய பழைய சுவின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதைகளிலே கீழ்நோக்கி ஓட்டி மகிழ்ந்தனர். 1976 ஒக்டோபரில் அவர்கள் முதலாவது போட்டியை நடத்தினர். அப்பாதை இரண்டு மைல் அளவான தூரத்துள் ஏறக்குறைய 1,300 அடி கீழிறங்குவது. அதில் ஒருமுறை இறங்கிவந்தால், பின்சில்லின் பிறேக்கினுள் இருந்த கிறீஸ் முழுவதும் சூட்டினால் உருகிப் புகைந்துவிடும். மீண்டும் கிறீஸ் அடைத்த பின்னரே அடுத்த ஓட்டம். அதனால் அப்பாதைக்கே 'மீண்டும் அடைத்தல்' என்னும் பொருள்பட 'றீபக்' என்ற பெயர் வாய்த்தது.

அவ்வண்டிகளிலே அதிர்வுதாங்கி எதுவும் இருந்ததில்லை. பருத்த ரயரினுள் அடைபட்ட காற்றும், ஓட்டுபவரின் முழங்கை முழங்கால்களுமே அதிர்வைத் தாங்கின. இதனை இகழ்ந்துரைப்பதற்கில்லை. 1888ஆம் ஆண்டு டன்லொப் என்பார் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த ரயரை உருவாக்கிய நாள் தொட்டு, சைக்கிளின் முதலாவது அதிர்வுதாங்கி காற்றேயாகும்.

மோட்டார் சைக்கிள் துறையில் அனுபவம் பெற்ற போல் ரேணர், ஸ்ரீவ் சைமன்ஸ் என்னும் இருவர் 1989ஆம் ஆண்டளவில் 'றொக்சொக்ஸ்' என்ற பெயரில் ஒரு போர்க்கை வெளிக்கொணர்ந்தனர். காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கிய அது, ஏறக்குறைய இரண்டு அங்குலமே அமுங்கியது. இன்றைய அளவுக்கு அது சிறிதே. ஆயினும் 1990ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரிலே முதலாவது உலக மலைச் சைக்கிள் போட்டி நடைபெற்றபோது, மலையிறக்க ஓட்டத்தில் வெற்றிபெற்ற கிறெக் ஹேர்போல்ட் என்பார் ஓட்டிய வண்டியில் அந்தப் போர்க்கே இருந்தது. வீண் பாரம் என்று நகைத்தவர்களும் அதன் பின்னர் சிந்திக்கத் தலைப்பட்டனர்.

வில்லும் எண்ணெயும்

நிற்க. அதிர்வுதாங்கும் போர்க்கினுள்ளே நிகழ்வது யாது? மேலேயுள்ள இரு மெல்லிய கால்கள், கீழேயுள்ள இரு பருத்த குழாய்களினுள்ளே வழுக்கி இறங்கி ஏறுகின்றன. உயர்ந்த வகைகளிலே மேற்கால்கள் அலுமினியத்தாலும், கீழ்க்குழாய்கள் அதனினும் இலேசான மக்னீசியத்தாலும் ஆனவை. மலிவான வகைகளில் மேற்கால்கள் பெரும்பாலும் உருக்கினாலானவை. பாரத்தின் பெரும்பகுதி இங்கேயே தொடங்குகின்றது.

உள்ளே இரண்டு உறுப்புக்கள் உண்டு. ஒன்று வில், மற்றையது தணிப்பான். வில்லின் தொழில் யாவர்க்கும் தெரியும். தணிப்பானின் தொழிலைப் பலர் அறியார். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இவ்விடத்திலே சற்று நின்று சிந்தித்தல் நன்று. ஒரு சுருள்வில்லை அமுக்கினால் நாம் செலவிட்ட சக்தி அதனுள்ளே சேமிக்கப்படுகின்றது; கையை எடுத்ததும் அச்சக்தியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பித் தந்துவிடுகின்றது. ஆகவே வில் மாத்திரம் உள்ள போர்க் ஒரு கல்லில் மோதும்போது இதமாக அமுங்கும்; அடுத்த கணமே ஓட்டுபவரை மேலே தூக்கியெறியும். அதிர்ச்சியை அது அழிப்பதில்லை. சற்றுப் பிந்தித் தருகின்றது, அவ்வளவே.

அதனை அழிப்பது எண்ணெய். போர்க் அசையும்போது எண்ணெய் சிறு துவாரங்களினூடாக நெருக்கித் தள்ளப்படுகின்றது. மோதலின் சக்தி அவ்விடத்திலே வெப்பமாக மாறிப்போகின்றது. துவாரத்தைச் சிறிதாக்கினால் போர்க் மெல்ல எழும், பெரிதாக்கினால் விரைந்தெழும். நல்ல போர்க்குகளின் அடியிலே காணப்படும் சிறு சிவப்புக் குமிழ் பெரும்பாலும் இத்துவாரத்தை மாற்றுவதற்கே உள்ளது. இந்தத் தணிப்பானே ஒரு போர்க்கின் உயிர்நாடி. ஆனால் விளம்பரப் படத்தில் அது தெரிவதில்லை. அதன் தரம் இலக்கத்திலும் அகப்படுவதில்லை.

மூவகை வில்கள்

வில்லுக்குப் பயன்படும் பொருளைக் கொண்டு போர்க்குகளை மூவகைப்படுத்தலாம். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், டக் பிராட்பரி என்பார் கொலராடோவிலே அமைத்த 'மனிற்றூ' போர்க்குகளில் மீள்சக்தியுடைய றப்பர் போன்ற துண்டுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவை இலேசானவை, பழுது பார்ப்பதற்கும் எளியன. ஆனால் குளிரில் அத்துண்டுகள் இறுகிவிடும்.

இரண்டாவது வகை உருக்குச் சுருள்வில். ஊக் என்னும் அறிஞரின் விதிப்படி, எவ்வளவு விசையோ அவ்வளவு அமுக்கம். சிறு கல்லுக்கும் அது இணங்கும், நெடுங்காலம் உழைக்கும். ஆனால் காற்றுவில்லிலும் சில நூறு கிராம் பாரம் கூடியது. அன்றியும், 50 கிலோ நிறையுள்ளவனுக்கு அமைந்த வில் 80 கிலோ நிறையுள்ளவனுக்குப் பொருந்தாது. வில்லையே கழற்றி மாற்ற வேண்டும்.

மூன்றாவது, காற்றுவில். 1662ஆம் ஆண்டு போயில் வெளியிட்ட விதியை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவிப்பர்: வெப்பநிலை மாறாதிருக்க, கனவளவு பாதியானால் அமுக்கம் இருமடங்காகும். போர்க்கினுள் அடைத்த காற்றும் அவ்வாறே அமுங்க அமுங்க மென்மேலும் எதிர்த்து நிற்கும். அதனால் பெரிய பள்ளத்தில் விழும்போதும் போர்க் அடிதட்டுவது அரிது. காற்றுக்குப் பாரமும் மிகக் குறைவு. சிறு பம்பினால் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுபவரின் நிறைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். வளரும் பிள்ளையுள்ள வீட்டுக்கு இஃது அரிய வசதி. இதன் குறை யாதெனில், காற்றுக் கசியாதிருக்க இறுக்கமான அடைப்பு வளையங்கள் வேண்டும். அவற்றின் உராய்வினால் மிகச் சிறிய அதிர்வுகளைச் சுருள்வில் போலக் காற்றுவில் மிருதுவாக ஏற்பதில்லை. இக்குறையைப் போக்கவே, எதிர்த்திசையில் உந்தும் இரண்டாவது காற்றறை ஒன்றையும் அமைக்கின்றனர்.

இரு கொள்கைகளின் போட்டி

பாரத்தைப் பற்றிய வழக்கு மிகக் கூர்மையடைந்தது 1997, 1998ஆம் ஆண்டுகளிலாகும்.

இத்தாலியின் பொலோனா நகரை அடுத்து, மோட்டார் சைக்கிள் போர்க்குகளைச் செய்து பெயர்பெற்ற 'மார்சொக்கி' நிறுவனம், 1997ஆம் ஆண்டுக்கென 'பொம்பர்' என்ற பெயரில் செம்மஞ்சள் நிறப் போர்க் ஒன்றை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளிற் போலவே சுருள்வில்லும், அதனைச் சூழத் தாராளமாக எண்ணெயும் அதில் இருந்தன. அது 100 மில்லிமீற்றர் அமுங்கியது. அக்காலத்து இலேசான போர்க்குகளோடு ஒப்பிட்டால் அது பாரமானதே. ஆயினும், கரடுமுரடான பாதையிலே ஓட்டியவர்கள் பாரத்தை மறந்து அதனை விரும்பி வாங்கினர்.

றொக்சொக்ஸ் நிறுவனம் 1998ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட 'சிட்' என்னும் போர்க் அதற்கு நேர்மாறானது. காற்றுவில்லும் 28 மில்லிமீற்றர் விட்டமே உள்ள மெல்லிய கால்களும் கொண்டது. மேடேறிப் போட்டியிடுவோர்க்கு அது பெரும் வரப்பிரசாதம். ஆனால் அக்கால்கள் கடுமையான பாதையிலே வளைந்து கொடுத்தன. ஓட்டுபவர் திருப்பிய திசையிலிருந்து முன்சில்லு சற்றே விலகிச் சென்றது.

இவ்விரண்டில் எது சிறந்தது? விடை பாதையைப் பொறுத்தது. இரண்டு நிறுவனங்களும் தத்தம் பாதையை அறிந்தே தம் போர்க்கை அமைத்தன. பிழை செய்தவர் எவரேனும் உளரெனில், பொம்பரைப் பூட்டிக்கொண்டு ஏற்றப் போட்டிக்கும், சிட்டைப் பூட்டிக்கொண்டு கற்பாறை இறக்கத்துக்கும் சென்றவரே.

குழாயின் பருமனிலே ஒரு கணக்கு

போர்க் எவ்வளவு அமுங்குகின்றதோ, அதன் கால்களும் அவ்வளவு நீண்டிருக்க வேண்டும். நீண்ட கால் எளிதில் வளையும். வளையாதிருக்க அதனைப் பருமனாக்குகின்றனர். இதில் ஓர் இனிய கணக்கு உண்டு. சுவரின் தடிப்பு மாறாதிருக்க, குழாயின் பாரம் விட்டத்துக்கு ஏற்பக் கூடும். வளைவை எதிர்க்கும் வலிமையோ விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். ஆகவே 32 மில்லிமீற்றர் காலை 35 ஆக்கினால், பாரம் 9 சதவீதமே கூடும். வலிமை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். 38 ஆக்கினால், பாரம் 19 சதவீதமும் வலிமை 67 சதவீதமும் கூடும். சிறிது பாரம் கொடுத்துப் பெரிது வலிமை பெறும் பேரம் இது. 'பொக்ஸ்' நிறுவனம் தன் போர்க்குகளுக்கு 32, 34, 36, 38, 40 என்று பெயரிட்டதும் கால்களின் விட்டத்தைக் கொண்டேயாகும்.

இனி, நிறைகளை ஒப்பிடுவோம். ஏற்றமும் இறக்கமும் கலந்த நெடுந்தூரப் போட்டிக்கான போர்க்குகள் 100 முதல் 120 மில்லிமீற்றர் வரை அமுங்குவன. 2016இல் வெளிவந்த பொக்ஸ் 32 'ஸ்ரெப்காஸ்ற்' 1,400 கிராமினும் குறைந்தது. கால்களை ஒன்றுக்கொன்று நெருக்கி, சில்லின் அச்சுக்குடம் இடிக்காதவாறு அடிப்பகுதியை மாத்திரம் படிபோல் ஒதுக்கி, அதன் பாரத்தைக் குறைத்தனர். 2020இல் றொக்சொக்ஸ், சிட் போர்க்கையே இருவகையாக்கியது. 32 மில்லிமீற்றர் காலும் 100 மில்லிமீற்றர் அசைவும் உடையது ஏறக்குறைய 1,330 கிராம். 35 மில்லிமீற்றர் காலும் 120 மில்லிமீற்றர் அசைவும் உடையது ஏறக்குறைய 1,540 கிராம். வேற்றுமை 210 கிராம். ஒரு தேநீர்க் கோப்பை நீரின் பாரம்.

கடினமான காட்டுப் பாதைகளுக்கு 150, 160 மில்லிமீற்றர் அமுங்கும் 'லிறிக்', பொக்ஸ் 36 ஆகியவை 2 கிலோவை ஒட்டியவை. அதனினும் கடிய இறக்கங்களுக்கு 38 மில்லிமீற்றர் கால்களையுடைய 'செப்', பொக்ஸ் 38 ஆகியவை 2¼ கிலோவைச் சுற்றியவை. மலையிறக்கப் போட்டிக்கு மாத்திரம் அமைந்தவை 200 மில்லிமீற்றர் அமுங்குவன. அவற்றின் கால்கள் தலைக்குழாயின் மேலும் கீழும் இரண்டு இடங்களிலே பிணைக்கப்பட்டுள்ளன. நிறை 2¾ கிலோவை நெருங்கும்.

ஆக, மிக இலேசானதற்கும் மிகப் பாரமானதற்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இது பெரிதா, சிறிதா? ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். ஒரு மணி நேரம் இடைவிடாது செங்குத்தான மேடேறினால், ஒரு கிலோ மேலதிக பாரத்தினால் நேர்வது ஏறக்குறைய 40 செக்கன் தாமதமே. போட்டியிலே அது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலுள்ள தூரம். பாடசாலைக்குச் செல்பவனுக்கு, வழியிலே நண்பனுடன் நின்று இரண்டு வார்த்தை பேசும் நேரம்.

குமிழ்களும் வசதிகளும்

நிறைக்கு அடுத்ததாக விளம்பரங்களிலே முழங்குவன வசதிகள். அவற்றுள் முக்கியமானவை சில. ஒன்று, பூட்டு. மேடேறும்போது போர்க் வீணாக ஆடாதிருக்க, எண்ணெயின் வழியை அடைத்துவிடும் நெம்பு அது. மற்றொன்று, அமுங்கும் வேகத்தையும் எழும் வேகத்தையும் தனித்தனியே மாற்றும் குமிழ்கள். இவை பயனுள்ளவையே; ஆயினும் அறியாது திருப்புபவன் கையிலே, நல்ல போர்க்கும் கெட்ட போர்க்காகிவிடும்.

குமிழைத் தொடுவதன் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஓட்டுபவர் வண்டியில் ஏறி அமர்ந்ததுமே போர்க் தன் அசைவின் ஒரு பங்கு தாழவேண்டும். போட்டி வண்டிகளுக்கு அது 15 முதல் 20 சதவீதம். கடும் பாதைக்கு 25 சதவீதத்தையும் தாண்டலாம். அவ்வாறு தாழாவிடின், பள்ளம் வரும்போது சில்லு கீழிறங்கி நிலத்தைப் பற்ற இடமிராது.

இன்னொன்று, அச்சு. பழைய முறையிலே 9 மில்லிமீற்றர் அச்சு. இன்றைய நல்ல போர்க்குகளில் 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள அச்சு இரு கால்களையும் ஊடுருவிப் பிணைக்கின்றது. சில்லின் அளவும் தலைக்குழாயின் விட்டமும் பொருந்துகின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும். எவ்வளவு சிறந்த போர்க்காயினும், பூட்ட முடியாவிடின் அது சுவரில் மாட்டும் அலங்காரமே.

பராமரிப்பையும் மறத்தலாகாது. ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்குழாய்களைக் கழற்றித் துடைத்து, புதிய எண்ணெய் இடவேண்டும் என்று றொக்சொக்ஸ் நிறுவனம் அறிவுறுத்திவந்துள்ளது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டும் மாணவனுக்கு அஃது இரு மாதத்துக்கு ஒருமுறை. இந்தச் செலவு விளம்பரத் தாளில் அச்சிடப்படுவதில்லை.

மலிவான பாரம்

இனி, நம் கேள்விக்கு வருவோம். விலை குறைந்த மலைச் சைக்கிள்களிலே பூட்டப்படும் போர்க்குகள் பெரும்பாலும் 2½ கிலோவுக்கு மேற்பட்டவை. உருக்குக் கால், உருக்குச் சுருள்வில்; தணிப்பான் பலவற்றில் இல்லை, அன்றேல் பெயரளவில் உண்டு. அதாவது, மலையிறக்கப் போட்டிப் போர்க்கின் பாரத்தைக் கொடுத்து, ஒரு வெறுஞ் சுருள்வில்லைப் பெறுகின்றோம். சிறுவர் சைக்கிள்களில் இது இன்னும் பரிதாபம். 30 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 2½ கிலோப் போர்க் என்பது, அவனது நிறையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. 75 கிலோ நிறையுள்ள தகப்பனாரின் வண்டியிலே ஆறேகால் கிலோ இரும்பைக் கட்டுவதற்கு ஒப்பாகும். அதன் வில்லோ பெரியவர்க்கு அமைந்ததாயின், பிள்ளையின் பாரத்துக்கு அமுங்கவும் மாட்டாது. பிள்ளை சுமக்கின்றான், போர்க் சும்மாயிருக்கின்றது.

அசையாத சாதாரண உருக்குப் போர்க் ஏறக்குறைய ஒரு கிலோவே நிறையுடையது. அதற்குக் குமிழுமில்லை, பூட்டுமில்லை, மாற்றவேண்டிய எண்ணெயுமில்லை. அதனோடு சற்று அகன்ற ரயரைப் பூட்டி, அளவாகக் காற்றடித்தால், தார்வீதிக்கும் செம்மண் ஒழுங்கைக்கும் அது போதும். நிறை எத்தனை என்று கேட்பதன் முன், அந்த நிறை எதற்காகச் சுமக்கப்படுகின்றது என்று கேட்கவேண்டும். பாறை இறக்கத்திலே ஓட்டுபவரின் உயிரைக் காக்கும் 2½ கிலோ பாரமன்று, பாதுகாப்பு. சமநிலத்திலே அழகுக்காகச் சுமக்கும் 2½ கிலோ வெறும் பாரமே.

மறுநாள் அம்மாணவனை அழைத்து மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். நீ ஓடும் பாதை எது? போர்க்கினுள்ளே தணிப்பான் உண்டா? உன் நிறைக்கு ஏற்ப வில்லை மாற்ற முடியுமா? கடைக்குச் சென்றதும், முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கைபிடியை அமுக்கி விட்டுப் பார்க்குமாறும் சொன்னேன். மெல்ல எழுந்து நின்றால் உள்ளே எண்ணெய் வேலை செய்கின்றது. துள்ளி எழுந்து மீண்டும் ஆடினால் வில் மாத்திரமே உள்ளது.

வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "சும்மா போர்க் எண்டால் பெடியள் பகிடி பண்ணுவாங்கள் சேர்," என்றான். அது நியாயமான கவலையே. பதினேழு வயதிலே நண்பர்களின் நகைப்பு ஒன்றரைக் கிலோவிலும் பாரமானது என்பதை நானும் மறந்துவிடவில்லை. ஆகவே அவனுக்கு நான் எதனையும் கட்டளையிடவில்லை. அமுக்கிப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய் என்று மாத்திரம் கூறினேன்.

அடுத்த தவணை தொடங்கிய அன்று, பாடசாலை வாயிலிலே தகப்பனாரைக் கண்டேன். மகன் கடையிலே ஐந்து சைக்கிள்களை அமுக்கிப் பார்த்தானாம், ஐந்தும் துள்ளினவாம். இறுதியில் சாதாரணப் போர்க் உள்ளதையே தெரிந்து, மிஞ்சிய பணத்தில் நல்ல ரயரும், பிறேக்கும், தலைக்கவசமும் வாங்கினானாம்.

"பாரமும் குறைஞ்சுது மாஸ்டர், காசும் குறைஞ்சுது," என்று சொல்லிச் சிரித்தார்.

பெடியள் பகிடி பண்ணினார்களா என்று மகனைக் கேட்டேன். முதல் இரண்டு நாள் பண்ணினார்களாம். மூன்றாம் நாள், அவர்களும் தத்தம் போர்க்குகளை அமுக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.